சொல்தா வீட்டுப் பதில் வோட்டு

திண்டிவனம் மாதா கோயில் தெருவில் சவரிநாதன் என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. சொல்தா வீடு என்றால் நாய்கூட வழிகாட்டும். பிரெஞ்சு ராணுவத்தில் சொல்தாவாக, அதாவது சிப்பாயாக, இருந்து பென்ஷனோடு திரும்பியவர். குடியுரிமை பிரான்சு, சாப்பாடு கேப்பைக் களி. வீட்டு ரேஷன் கார்டில் மனைவி பாக்கியமேரிதான் குடும்பத் தலைவி. இவர் பேரே கிடையாது. அதையும் ஒரு பதக்கம்போலத்தான் சொல்லிக்கொள்வார்.

2005 மே மாதம் பிரான்சில் ஒரு வாக்கெடுப்பு. ஐரோப்பிய நாடுகளெல்லாம் ஒரே அரசியல் சட்டத்துக்குள் வரலாமா, வேண்டாமா என்று. இங்கே இருக்கும் பிரெஞ்சுக் குடிமக்களும் புதுச்சேரிக்குப் போய் வோட்டுப் போடலாம். சவரிநாதனோ குளியலறையில் வழுக்கி விழுந்து மாவுக்கட்டோடு கிடந்தார். தனக்குப் பதிலாக மகன் இருதய அருண் போடலாம் என்று முறைப்படி எழுதிக் கொடுத்தார். அப்படி ஒரு வசதி அவர்கள் சட்டத்தில் உண்டு.

"நோன்னு போடு. வேணாம்னு. அந்தக் கொடிக்கு சத்தியம் பண்ணவன் நானு. அத மடிச்சி இன்னொருத்தன் பொட்டில வைக்கச் சொல்ல எனக்கு வாய் வராது."

அருணுக்கும் சொந்த வோட்டு இருந்தது. அது 'வுய்', அதாவது வேண்டும், என்பது தெருவுக்கே தெரியும்.

திங்கட்கிழமை 'நோன்' ஜெயித்த சேதி வந்தது. சவரிநாதன் கட்டுக் காலை நாற்காலியில் நீட்டிக்கொண்டு தெருவுக்கே லட்டு கொடுத்தார். எதற்கென்று புரியாமலே தெருவும் தின்றது. மகனைச் சும்மா விட மட்டும் அவருக்கு மனசு வரவில்லை.

"இன்னாடா, ஒன் வோட்டுக்கு என் வோட்டு கழிஞ்சிபோச்சி. மீதி பேரு ஒங்கள மொத்திட்டாங்க."

அருண் லட்டைத் தட்டில் வைத்தான். "கழியல. ரெண்டுமே வுய்தான்."

சமையற்கட்டில் கரண்டிச் சத்தம் நின்றது.

"ஒரே வூட்ல ஆளுக்கொரு பக்கம் போட்டா ரெண்டும் வேஸ்ட்டுப்பா. தனியா நின்னுக்கினு இப்ப எந்த நாடும் ஒண்ணும் கிழிக்க முடியாது. அங்க போயி பொழைக்கப் போறவன் நானு. அதான் வூட்டுக்கு சேத்து நானே முடிவு பண்ணிட்டேன்."

சவரிநாதன் லட்டுத் தட்டைத் தள்ளி வைத்தார். "அப்ப நா ஒருத்தன் இங்க எதுக்கு?"

"நீங்க கேட்டதுதான ஜெயிச்சிருக்கு. அப்புறம் இன்னா பேஜாரு?"

"ஜெயிச்சது எவனெவனோ. நா போட்டது தோத்துப்போச்சிடா."

"மெதுவாங்க, பக்கத்துல கேக்குது" என்றாள் பாக்கியமேரி. கேட்டுக்கொண்டுதான் இருந்தது, ஜன்னலோரம் வரை வந்தே.

அந்த நேரம் பார்த்துப் புதுச்சேரி பஸ்ஸில் வந்து இறங்கினார் தாண்டவராயன். அவரும் சொல்தா, கூட இருந்து சண்டை பார்த்தவர். கையில் ஒயின் பாட்டில்.

"நம்ம வோட்டு தோக்குமா சவரி."

அருண் அப்பாவைப் பார்த்தான். விஷயம் தாண்டவராயன் காதில் விழுந்தால் புதுச்சேரியில் சேதி போகாத சொல்தா வீடு ஒன்றுகூட பாக்கியிருக்காது.

"பாட்டில உள்ள வையி" என்றார் சவரிநாதன். "நா வுய் போட்டவன். ஒன்கூட ஒக்காந்து குடிக்க எனக்கு யோக்கியத இல்ல."

தாண்டவராயன் விளையாட்டென்று சிரித்தார். சவரிநாதன் மகனிடம் திரும்பினார்.

"இன்னா பண்ணேன்னு நீயே சொல்லு. நா சொன்னா ஒனக்குப் பதிலா நா பேசினதாயிடும்."

அருண் சொல்லத் தொடங்கினான். அவன் முடிப்பதற்குள் தாண்டவராயன் புதுச்சேரி பஸ்ஸைப் பிடிக்கச் செருப்பைத் தேட ஆரம்பித்துவிட்டார்.