டிஸ் என்றால்

தந்தியில் மூன்றே சொற்கள். முதலாவது தன் புருசனின் பெயர் என்பதைத் தபால்காரர் சொல்லித்தான் செபஸ்தியம்மா அறிந்தாள். திருக்கை மீனின் முள் ஏறிக் கால் கறுத்துப்போன யாக்கோப்பை யாழ்ப்பாணத்து ஆஸ்பத்திரியில் விட்டுப் பன்னிரண்டு நாள். பள்ளிக்கூட லீவுக்கு வாத்தியார் ஊருக்குப் போயிருந்தார். எழுவைதீவில் மிஞ்சியிருந்த ஒரே இங்கிலீசு, மலாயாவில் கிளாக்கராக இருந்து பென்சனெடுத்த பரராசசிங்கம். கறிச்சட்டியை அடுப்பிலேயே விட்டுவிட்டு அவர் முற்றத்துக்கு ஓடினாள்.

"யாக்கோப்பு டிஸ்சார்ஜ்ட். கம்," என்று அவர் உரக்க வாசித்தார். "கம் எண்டால் வா. மற்றது ஆழமான சொல்லு, பிள்ளை."

உள்ளே போய் அகராதியைத் தூக்கிவந்தார்.

"‘டிஸ்’ லத்தீன். பிரிஞ்சுபோறது, இல்லாமல் போறது. ‘ஈஸ்’ எண்டால் சுகம், டிசீஸ், சுகமில்லாத வருத்தம். ‘அஸ்டர்’ நட்சத்திரம், டிசாஸ்டர், கிரகம் பிழைச்சு வாற அழிவு."

அவள் இடைமறித்தாள். "ஐயா, அவருக்கு என்ன?"

"பொறும். ‘சார்ஜ்’ ஆதியில வண்டியில ஏத்திற பாரம். டிஸ்சார்ஜ், பாரம் இறக்கியாச்சு. கப்பலுக்கும் சொல்லுவினம், சுடுற துவக்குக்கும் சொல்லுவினம், பற்றரிக்கும் சொல்லுவினம்."

"பற்றரிக்கு எண்டால்?"

"செத்துப்போச்சுது எண்டு."

சொன்ன பிறகுதான் சொன்னது என்னவென்று அவருக்கே உறைத்தது. விரல் அகராதியில் கீழே கீழே இறங்கியது.

"ஆள் உயிரோட இருக்கோ இல்லையோ? ஒண்டைச் சொல்லுங்கோ!"

"ஒரு சொல்லுக்குப் பல கருத்து இருக்கு, பிள்ளை. இடம் பார்த்துத்தான்…"

தந்தியை அவர் கையிலிருந்து பறித்துக்கொண்டு கடற்கரைக்கு நடந்தாள். தமையன் சவிரிமுத்து வள்ளத்தில் ஊர்காவற்றுறைக்குக் கொண்டுபோய் விட்டான். அங்கிருந்து யாழ்ப்பாணத்துக்குப் பஸ். வழியெல்லாம் மாதாவை மன்றாட முயன்றாள். ஒவ்வொரு முறையும் அந்த மனிசனின் லத்தீன்தான் வாய்க்குள் வந்து நின்றது.

ஆஸ்பத்திரியில் யாக்கோப்பின் கட்டிலில் வேறொருவன் படுத்திருந்தான். அவள் சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"எங்கையடி போனனீ?" விறாந்தைப் பக்கமிருந்து குரல் கேட்டது. யாக்கோப்பு மர வாங்கிலில் குந்தியிருந்தான், கணுக்காலில் வெள்ளைக் கட்டு. "நேற்றே துண்டு வெட்டி வீட்டை போகச் சொல்லிப்போட்டினம். பக்கத்துக் கட்டில் கிளாக்கரைக் கொண்டு தந்தி அடிச்சனான்."

"துண்டு வெட்டினதோ!" அவள் கத்தியதில் இரண்டு நேர்சுமார் திரும்பிப் பார்த்தார்கள். "அதைத் தமிழில எழுதினால் அந்தக் கிளாக்கற்ற கை முறிஞ்சிடுமோ? துண்டு வெட்டினது எண்டால் எனக்கு விளங்காதோ?"

பஸ் நிலையம் வரைக்கும் ஏசிக்கொண்டே வந்தாள். பரராசசிங்கத்தை, கிளாக்கரை, திருக்கையை, இடுப்பில் சாரத்தை ஒழுங்காகக் கட்டத் தெரியாத யாக்கோப்பை. பஸ் வந்தது. ஏறுவதற்காக அவன் கம்பியைப் பிடித்தபோதுதான் தெரிந்தது, அவனுடைய சட்டையின் பின்முனை அவளுடைய கைக்குள் கசங்கிப்போய் இருந்தது. பின்னால் நின்றவர்கள் நெருக்கினார்கள். அவள் விடவில்லை.