புள்ளி விழுந்த காராமணி

1
இந்தக் கதை ஒரு குழம்பிலிருந்து வந்தது. காராமணியும் கத்தரிக்காயும் போட்ட நல்ல குழம்பு. சாப்பிட்டவர்களில் நானும் ஒருத்தி என்பதால், யாரோ செய்த தவறு என்று முழுவதும் தள்ளி நின்று எழுத முடியவில்லை. முதலில் இப்படித் தொடங்கினேன்:

எண்ணூர் முகத்துவாரத்தில் அன்று காற்று

வேண்டாம். காற்று பிறகு வரும்.

2
வேம்புக்கு ராயபுரத்தில் ஒரு பருப்புக் கிடங்கில் வேலை. முறத்தில் கொட்டியதிலிருந்து சிறுத்தது, சுருங்கியது, நிறம் மாறியது எல்லாவற்றையும் பொறுக்கித் தள்ளவேண்டும். மூன்று வருடத்தில் அவளுக்குக் கண்ணை விரல் முந்திக்கொள்ளும். (இதைத் திறமை என்றே சொல்லலாம், அடுத்த பகுதி வரை.)

காத்திவாக்கத்தில் வேம்பு வீட்டு மொட்டைமாடியில் அனிஷா முப்பது தொட்டி வைத்திருந்தாள். பயிர் ஆராய்ச்சி படிப்பவள். உப்புத் தண்ணீரிலும் காய்க்கிற காராமணியைத் தேடுகிறாள். கடலோர ஊர் ஒன்றில் கிடைத்த ஒரே ஒரு பொட்டலம் விதை. வெள்ளை, சிவப்பு, புள்ளி விழுந்தது எல்லாம் கலந்தது.

ஊருக்குக் கிளம்பும்போது பொட்டலத்தை வேம்பிடம் கொடுத்தாள். "தொட்டிக்கு ஒண்ணு. பாக்காம எடுத்துப் போடு வேம்பு. மீதிய வச்சிரு, நான் வர்றதுக்கு ரெண்டு வாரமாவும். இது நல்லா வந்தா அடுத்த வருசம் நீயும் என்கூட வயலுக்கு வந்துடு. கெடங்கு வேலை போதும்."

3
வேம்பு அப்போது என்ன நினைத்தாள் என்று மூன்று முறை எழுதிப் பார்த்தேன். ஒன்றும் நினைக்கவில்லை. முறத்தை எடுத்தாள், அவ்வளவுதான். கொழுத்த சிவப்பு விதைகள் தொட்டிக்குப் போயின. தள்ளியதை அம்மா பச்சையம்மா குழம்புக்கு ஊறவைத்துவிட்டாள்.

அனிஷா திரும்பி வந்து முளைகளைப் பார்த்தாள்.

"இன்னாடி, எல்லாம் ஒரே மாரி வந்துகினு கீது?"

"நல்ல வெதைதானேக்கா?"

"நல்லதா இல்லையான்னு செடிதான் சொல்லணும். தினுசு தினுசா இருந்தாத்தான் ஒண்ணு செத்தாலும் ஒண்ணு நிக்கும். மீதி எங்க?"

படியில் நின்ற பச்சையம்மா முந்திக்கொண்டாள். "பத்திரமா கீதும்மா."

வயிற்றில் என்று சொல்லவில்லை.

4
உப்புத் தண்ணீர் ஊற்ற ஊற்ற இலைகள் ஓரம் கருகின. (இப்போது காற்று வரலாம். வந்தது, மிச்சத்தையும் கருக்கியது.) இருபத்தொன்பது செடி போயிற்று. ஒன்று மட்டும் பூத்து, ஐந்து காய் விட்டது. காய்ந்ததும் வேம்பு ஒரு காயைப் பிளந்தாள். உள்ளே புள்ளி விழுந்த விதைகள். அவள் விரலுக்குத் தப்பித் தொட்டிக்குள் போன ஒன்றின் செடி.

5
முடிவு: வேம்பு சொல்கிறாள். அனிஷா அவளைக் கட்டிக்கொண்டு

இல்லை. அந்தப் பொட்டலத்துக்காக அனிஷா அலைந்தது எனக்குத் தெரியும்.

முடிவு: வேம்பு சொல்லவில்லை. அந்த ஊர்க் காராமணி முப்பதில் ஒன்றுதான் தேறும், உப்புக்கு ஆகாது என்று அனிஷா எழுதிவிடுகிறாள். அடுத்த வருடம் வேம்பு வயலில்

இதையும் அடித்தேன்.

அடித்ததையெல்லாம் கிழித்துவிடத்தான் இருந்தேன். பிறகு அப்படியே விட்டுவிட்டேன். தள்ளிய குவியலில் எது நின்றிருக்கும் என்று யாருக்குத் தெரியும்?

அனிஷா தராசோடு படியேறி வருகிறாள். "இன்னாடி கையில?"

புள்ளி விதைகளை மூடியிருந்த வேம்பின் கையை நான் திறந்துவிட்டேன். அவள் வாயைத் திறப்பது உங்கள் பாடு.