லிட்டருக்கு எட்டரை

"பத்தி மாத்திப் போட்டுட்டியாம்மா?" என்று கேட்டார் ஆசிரியர், அட்டவணையை மூக்குக்குக் கிட்டே கொண்டுபோய்.

"இல்லை சார்."

"சின்ன எஞ்சினுக்கு லிட்டருக்கு எட்டரை கிலோமீட்டர். பெரிய எஞ்சினுக்கு எட்டு புள்ளி ஒன்பது. சின்னது பெரிசைவிட அதிகமாக் குடிக்குதுங்கற?"

"நான் சொல்லலை சார். கார் சொல்லுது."

மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவர் சிரித்தார். கார் கம்பெனியின் விளம்பரப் பிரிவு ஆள். பெயர் சொல்லித்தான் அறிமுகம் செய்துகொண்டார், ஆனாலும் அலுவலகத்தில் எல்லோருக்கும் அவர் டைக்காரர்தான். டயர் கடைக்கு மேல் இரண்டாவது மாடியில், ரப்பர் வாடை இருபத்துநாலு மணி நேரமும் ஏறி வருகிற அந்தக் கார் பத்திரிகை அலுவலகத்தில் வேறு எவனும் டை கட்டியதில்லை. அட்டவணை வரப்போகும் பக்கத்துக்கு எதிர்ப் பக்கத்தில் முழுப்பக்க விளம்பரம் அவருடையது. சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார், புழுதி பறக்க ஒரு திருப்பம், கீழே கொட்டை எழுத்தில்: "பாதி எஞ்சின், முழு வேகம், லிட்டருக்கு 12.8!"

அவளுக்கு அலுவலகத்தில் 'புள்ளி' என்று பேர். எந்த எண்ணையும் ஒரு தசமப் புள்ளி இல்லாமல் எழுத மாட்டாள் என்பதால் போட்டோகாரர் வைத்தது. வைத்தவர் கிண்டலுக்கு வைத்தார். அவள் அதைப் பட்டம் மாதிரி வாங்கிக்கொண்டாள். நிஜப் பட்டமும் ஒன்று இருந்தது, எஞ்சினியரிங்கில். அவள் வீட்டில் அதற்கு முன்னால் ஒருத்தரும் வாங்கியிராத காகிதம். தற்காலிக வேலையில் சேர்ந்து ஆறு மாதம் இந்த வாரத்தோடு முடிகிறது. நிரந்தரம் ஆக்கும் கடிதம் தட்டச்சாகி ஆசிரியர் மேசையில் கையெழுத்துக்குக் காத்திருந்தது. இதழ் அச்சுக்குப் போக ஐந்து நாள் இருந்தது.

சோதனை ஒன்றும் பெரிய வித்தையில்லை. ஒரே மாடல் கார், இரண்டு எஞ்சின். ஒன்றில் நாலு சிலிண்டரும், காற்றை அழுத்தி உள்ளே தள்ளுகிற டர்போவும். மற்றதில் டர்போ இல்லாமல் ஆறு சிலிண்டர். டாங்கை நிரப்பு. பெட்ரோல் குழாய் தானாக 'கிளிக்' என்று நின்றதும் நிறுத்து. நகர நெரிசலில் நூற்றிருபது, நெடுஞ்சாலையில் நூற்று நாற்பது, மலை வளைவுகளில் எண்பது, ஆக மொத்தம் முந்நூற்று நாற்பது கிலோமீட்டர் ஓட்டு. திரும்பி வந்து அதே குழாயில், அதே கிளிக் வரைக்கும் நிரப்பு. ஓடிய தூரத்தை, ஊற்றிய லிட்டரால் வகு. அவ்வளவுதான். இவ்வளவு சுலபமாக இருப்பதால்தான் கம்பெனிகளுக்கு இந்தச் சோதனையைக் கண்டால் ஆகாது.

"எங்க லேபில் பன்னிரண்டு புள்ளி எட்டு வந்திருக்கு," என்றார் டைக்காரர். "பெரிசுக்கு பத்து புள்ளி மூணு. சான்றிதழ் இருக்கு."

"லேபில் உங்க கார் உருளை மேல நின்ன இடத்துலயே ஓடுது சார். மேடு கிடையாது, குறுக்க மாடு கிடையாது, பின்னாலேர்ந்து ஹாரன் கிடையாது. மெதுவாப் போனா சின்ன எஞ்சின் சிக்கனம்தான், நான் இல்லைங்கலை. மலையில மிதிச்சா டர்போ சூடாகும். அந்தச் சூட்டைத் தணிக்க அதுவே கூடுதலா பெட்ரோலை ஊத்திக்கும். பெரிய எஞ்சின் அதே மேட்டுல மூச்சு வாங்காம ஏறுது. ஸ்போர்ட்ஸ் கார் வாங்கறவன் மிதிக்காம, கண்ணாஸ்பத்திரியில மருந்து விட்டுக்கிட்டு வீட்டுக்குப் போற மாதிரியா ஓட்டுவான்?"

போட்டோகாரர் களுக்கென்று சிரித்துவிட்டு ஆசிரியர் முகத்தைப் பார்த்து இருமலாக மாற்றினார்.

"எந்த பங்க்குல நிரப்பினீங்க?" டைக்காரர் அசராமல் கேட்டார்.

"பஸ் டிப்போ எதிர்ல."

"நம்பிக்கையான இடம் சார்," போட்டோகாரர் உதவி செய்வதாக நினைத்துக்கொண்டு வாயைத் திறந்தார். "நம்ம புள்ளியோட அக்காவே அங்கதான் பெட்ரோல் போடறாங்க!"

டைக்காரர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "ஓ. அக்கா ஊத்தறாங்க, தங்கச்சி எழுதறாங்க. குடும்பத் தொழில்." பிறகு ஆசிரியரிடம், அவள் அங்கே இல்லாத மாதிரி: "வீட்ல முதல்முதலா படிச்சு வர்றவங்ககிட்ட வேகம் நிறைய இருக்கும் சார். நிதானம் வர இன்னும் ஒரு தலைமுறை ஆகும்."

அவளுக்குக் காது மடல் வரை சுட்டது. ஒரு உறையில் பெட்ரோல் ரசீதுகளைப் பத்திரமாக வைத்திருந்தாள். மேசையில் அடித்து வைக்கத்தான் உருவினாள். உருவின கை பாதியில் நின்றது.

பெரிய எஞ்சின்: 38.23 லிட்டர். சின்ன எஞ்சின்: 40.00 லிட்டர்.

நாற்பதுக்குப் பின்னால் இரண்டு சைபர். எந்தக் குழாயும் தானாகக் கிளிக்கென்று நிற்கும்போது இரண்டு சைபரில் வந்து நிற்காது. யாரோ நிறுத்தினால்தான் நிற்கும். எட்டரை அவ்வளவு சுத்தமாக வந்ததற்குக் காரணம் இதுதான். வகுத்துப் பார்த்தபோது மனசுக்குள் சந்தோஷம்கூடப் பட்டிருந்தாள், முண்டம்.

"என்னம்மா?" என்றார் ஆசிரியர்.

"நாளைக்குக் காலையில பேசறேன் சார்," என்று ரசீதுகளை உறைக்குள் திரும்பச் சொருகினாள். படியில் இறங்கும்போது டைக்காரரின் சிரிப்பு இரண்டு மாடிக்கும் கூடவே வந்தது.

அக்காவுக்கு இரண்டு மணிக்கு ஷிஃப்ட் முடியும். புள்ளி பங்க்குக்குப் போய்ச் சேர்ந்தபோது அக்கா ஒரு வேன்காரரிடம் எஞ்சினை அணைக்கச் சொல்லிக் கத்திக்கொண்டிருந்தாள்.

"வாங்க எஞ்சினியரம்மா! என்ன மூஞ்சி பஞ்சராகிக் கிடக்கு?"

"அக்கா, அன்னைக்கு அந்தச் சிவப்புக் காருக்கு ஊத்தினியே, கிளிக் வந்ததும் நிறுத்தினியா?"

"நிறுத்தினேனே."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன அப்புறம்? முப்பத்தேழு சொச்சத்துல நின்னுச்சு. நீ உள்ள உக்காந்து கிலோமீட்டரைக் குறிச்சுக்கிட்டிருந்த. இவ இந்த சில்லறை எண்ணை வச்சுக்கிட்டு மண்டையை உடைச்சுக்குவாளேன்னு, கொஞ்சம் கொஞ்சமா அழுத்தி நாற்பதாக்கிக் கொடுத்தேன். வகுக்க சுலபமா இருக்கட்டுமேன்னு." பெருமையாகச் சொன்னாள். "காரைக் குலுக்கிக் குலுக்கி ஊத்தினேன் தெரியுமா? வர்றவன் எல்லாம் ரவுண்டாப் போடு, ரவுண்டாப் போடுன்னு உசிரை வாங்கறான். என் தங்கச்சிக்குப் போட மாட்டேனா?"

புள்ளி தலையில் கை வைத்துக்கொண்டு தண்ணீர் டிரம் மேல் உட்கார்ந்துவிட்டாள். டைக்காரர் சொன்னதையும் சேர்த்து வரி வரியாக விளக்கினாள். அக்காவின் முகத்தில் இருந்த பெருமை கொஞ்சம் கொஞ்சமாக வடிந்தது.

"அப்ப நான்தான் உன் பொழப்புல மண்ணைப் போட்டேனா?"

"இல்லை. நான் குழாய் பக்கத்துல நின்னிருக்கணும். பெரிய எஞ்சின் காருக்கு நின்னேன். இதுக்கு நிக்கலை. உன் கைதானேன்னு விட்டுட்டேன்."

"இப்ப என்ன பண்ணப் போற?"

வரும் வழியெல்லாம் அவள் அதைத்தான் யோசித்திருந்தாள். ரசீதைக் கிழித்துப் போட்டால் ஒருத்தனுக்கும் தெரியாது. எட்டரைதான் என்று சாதிக்கலாம். சாதித்தால், அந்த டைக்காரரும் அவளும் ஒன்று. ஒப்புக்கொண்டால், அக்கா பேர் நாறும். குடும்பத் தொழில் என்று அந்த ஆள் போகிற இடமெல்லாம் சொல்லிச் சிரிப்பான்.

"ஊத்தினது நான்னு சொல்ல மாட்டேன். என் தப்புன்னு மட்டும் சொல்றேன்," என்றாள்.

"ஏய்!" அக்கா குழாயைத் தாங்கியில் மாட்டிவிட்டு வந்தாள். "எனக்காக நீ ஒண்ணும் பூசி மெழுக வேண்டாம். நான் ஊத்தினது ஊத்தினதுதான். அதுக்காக, எட்டு வருஷமா இந்தக் குழாயைப் பிடிக்கிறவளைத் திருடின்னு ஒருத்தன் சொல்லுவானா? கூட்டிட்டு வாடி அந்த டையை. அவன் கண்ணு முன்னால என் கையாலயே ஊத்தறேன். கிளிக்குக்கு மேல ஒரு சொட்டு விழுந்தா என்னை ஏன்னு கேளு."

மறுநாள் காலை டைக்காரர் முன்னாலேயே வந்து உட்கார்ந்திருந்தார். புள்ளி நின்றபடியே சொன்னாள்: "என் எண் தப்பு சார். கிளிக்குக்கு அப்புறமும் பெட்ரோல் ஊத்தியிருக்கு. என் அக்கா ஊத்தினாங்க, எனக்கு உதவியா இருக்கட்டும்னு. பக்கத்துல நின்னு பார்க்காதது என் தப்பு."

ஆசிரியர் பேனாவைக் கீழே வைத்தார். டைக்காரருக்கு வாயெல்லாம் பல். "மனசாரப் பாராட்டறேன்மா. இந்த நேர்மை எத்தனை பேருக்கு வரும்! அப்ப எங்க எண்ணையே போட்டுடலாம்."

"உங்க எண்ணும் தப்புதான் சார். என்னோடது எவ்வளவு தப்புன்னு நாளன்னைக்கு நானே சொல்லிடுவேன். உங்களோடது எவ்வளவு தப்புன்னு நீங்க சொல்வீங்களா?"

"பாத்துப் பேசும்மா," என்றார் ஆசிரியர்.

"பாத்துத்தான் சார் பேசறேன். முதல் தடவை பாக்காம விட்டதுக்குத்தான் இவ்வளவும். ரெண்டு நாள் கொடுங்க, திரும்ப ஓட்டறேன். சார் என் பக்கத்து சீட்ல உக்காரட்டும். அதே பங்க். அதே குழாய். அதே அக்கா."

டைக்காரருக்கு மறுக்க வழியில்லை. நேர்மையைப் பாராட்டி முடித்து ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

முதல் நாள் சின்ன எஞ்சின். நகரத்தில் அவர் போனில் பேசிக்கொண்டே வந்தார். நெடுஞ்சாலையில் தூங்கினார். மலையில் மூன்றாவது வளைவில் விழித்துக்கொண்டவர் கதவுக் கைப்பிடியைப் பிடித்தார், கடைசி வரை விடவில்லை.

"மெதுவாப் போம்மா!"

"விளம்பரத்துல இதே திருப்பத்துல புழுதி பறக்குது சார். அங்க ஓட்டினவர்கிட்டயும் சொன்னீங்களா?"

மறுநாள் பெரிய எஞ்சினுக்கும் அதே பாதை, அதே வளைவு, அதே கியர், அதே வேகம். வளைவுக்கு வளைவு வேகத்தைத் தாளில் எழுத வைத்தது டைக்காரரையேதான். எழுத்து கோணல் கோணலாக இருந்தது.

இரண்டு நாளும் அக்கா துவைத்த சீருடையில் நின்றாள். ஒரு கை குழாயில், மற்றக் கை இடுப்பில். கிளிக் சத்தம் கேட்டதும் குழாயை எடுத்துத் தூக்கிப் பிடித்தாள். "பாத்துக்கங்க சார். கிட்ட வந்து பாருங்க. கண்ணாடி வேணும்னா போட்டுக்கங்க."

சின்னது 37.31. பெரியது 38.36.

லிட்டருக்கு ஒன்பது புள்ளி ஒன்று. எட்டு புள்ளி ஒன்பது.

"பாத்தீங்களா!" அலுவலகத்துக்குள் நுழையும்போதே டைக்காரர் கையைத் தட்டினார். "சின்னதுதான் சிக்கனம். நாங்க சொன்னதுதானே? 'சின்ன எஞ்சினே சிக்கனம்'னு தலைப்பு போடுங்க, அட்டவணையே வேண்டாம்."

ஆசிரியருக்கு உயிர் வந்தது. "நல்ல தலைப்பும்மா. பொய்யும் இல்லை."

"புள்ளி இரண்டு சார்," என்றாள் அவள். "இவங்க சொன்னது ரெண்டரை வித்தியாசம். வந்தது புள்ளி இரண்டு. பெரிய எஞ்சின்ல இவங்க சொன்னதுக்கும் நிஜத்துக்கும் ஒண்ணு புள்ளி நாலு இடிக்குது. சின்னதுல மூணு புள்ளி ஏழு. அந்த மூணு புள்ளி ஏழைத்தான் கொட்டை எழுத்துல விக்கறாங்க. தலைப்பு பொய் இல்லைதான். அதை மட்டும் போட்டா அது பொய்."

"நீயும்தானே தப்பு பண்ண?" டைக்காரரின் குரலில் இப்போது பாராட்டு இல்லை.

"பண்ணினேன். புள்ளி ஆறு. அதையும் அட்டவணையில போட்டிருக்கேன், என்ன தப்பு, எப்படி நடந்துச்சுன்னு ரெண்டு வரி எழுதி. பாருங்க." தாளை அவர் பக்கம் நகர்த்தினாள். "உங்க மூணு புள்ளி ஏழுக்கும் ரெண்டு வரி இடம் விட்டிருக்கேன் சார். எழுதிக் கொடுங்க, அப்படியே போடறேன்."

டைக்காரர் தாளைத் தொடவில்லை. எழுந்து, ஆசிரியரிடம் மட்டும், "விளம்பரத்தைப் பத்தி மேலிடத்துல பேச வேண்டியிருக்கும்," என்று ஒரே போடாகப் போட்டுவிட்டுப் போனார்.

ஆசிரியர் அட்டவணையைப் படித்தார். பேனாவால் தானே ஒருமுறை வகுத்துப் பார்த்தார். சரியாகத்தான் வந்தது. வந்ததும் அவருக்கு இன்னும் எரிச்சல் கூடியது. கையெழுத்துக்காக இருந்த கடிதத்தை எடுத்து இழுப்பறையில் போட்டு மூடினார்.

"இது இன்னும் மூணு மாசம் உள்ளயே இருக்கட்டும்."

"எதுக்காகன்னு எழுத்துல கொடுங்க சார்."

"கொழுப்பு உனக்கு." அவர் அட்டவணையை அச்சுக்குப் போகும் தாள்கட்டுக்குள் வைத்தார், வைத்துவிட்டு, கையை அதன் மேலேயே வைத்திருந்தார். "போடறேன். நீ அளந்ததை, நீ எழுதினபடியே போடறேன். ஆனா ஆசிரியர் குழுன்னு போட மாட்டேன். கீழ உன் பேர்தான் இருக்கும், பெரிசா. நாளைக்கு அவன் வக்கீல் நோட்டீஸ் அனுப்பினா அது உன்னைத் தேடித்தான் வரணும். எனக்கு வரக் கூடாது. புரியுதா?"

அவள் குனிந்து, தன் பேருக்குக் கீழே பேனாவால் இரண்டு வரி எழுதினாள். வீட்டுக் கதவு எண், தெரு, மாடி.

"என்ன இது?"

"விலாசம் சார். தேடி வர்றவங்க அலைய வேண்டாம், அதையும் போட்டுடுங்க."