தெருவுக்கு முதுகு காட்டிய வீடு

வெளிநாட்டுத் தன்னார்வலர்கள் கட்டிக்கொடுத்த வீடு, அவர்கள் விமானம் ஏறிய மறுநாள் காலையில் தெருவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றது. தையல்காரி வாசல் தெளிக்கக் கதவைத் திறந்தபோது தெரு இருக்கவேண்டிய இடத்தில் பின்வீட்டுக்காரரின் குளியலறை சன்னல் இருந்தது, சன்னலில் சோப்பு நுரையோடு பின்வீட்டுக்காரர் இருந்தார். இருவரும் சற்று நேரம் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர் சன்னலைச் சாத்தினார், இவள் கதவைச் சாத்தினாள். உள்ளே வந்து, "என்னங்க, வீடு திரும்பிடுச்சு" என்றாள். முட்டி தேய்ந்து வேலையை விட்டுவிட்ட முன்னாள் பஸ் டிரைவரான அவள் கணவர் கட்டிலில் விருட்டென்று எழுந்து உட்கார்ந்தார். "யாரு வீடு திரும்பினது? நம்ம பொண்ணா?" என்று கேட்டார். "அவ எங்க வர்றா! வீடுங்க. வீடே திரும்பி நிக்குது" என்று சொல்லிவிட்டு அவள் தண்ணீர் வாளியை வைத்த வேகத்தில் பாதித் தண்ணீர் தரையில் போயிற்று.

அந்த வீடு வந்த கதை பெரிய கதையில்லை. ஆற்று வெள்ளம் தெருவையே துடைத்துக்கொண்டு போன பிறகு, எல்லோரும் முதலில் பள்ளிக்கூட வகுப்பறைகளிலும் பிறகு தகரக் கொட்டகைகளிலும் இருந்தார்கள். தகரத்துக்கடியில் வெந்து புழுங்கிக்கொண்டிருந்தபோதுதான் கடல் தாண்டி ஒரு தொண்டு நிறுவனத்தார் வந்து, வீடு கட்டித் தருகிறோம், அப்படியே உங்கள் வாழ்க்கையையும் அறிந்துகொள்கிறோம் என்றார்கள். முதல் பாதிக்குத் தையல்காரி கைகூப்பினாள். இரண்டாம் பாதி எப்படிப்பட்டது என்று அவளுக்கு அப்போது தெரியவில்லை. வந்தவர்கள் தங்கமானவர்கள், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் அவள் துணி துவைத்தால் சுற்றி நின்று பார்த்தார்கள். குழாயடியில் சண்டை போட்டால் தலையை ஆட்டி ரசித்தார்கள். வெங்காயம் உரித்தால் ஆளுக்கொரு வெங்காயத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்து, பாதியைத் தோலோடு சேர்த்து எறிந்துவிட்டுக் கண்ணீரோடு படம் எடுத்துக்கொண்டார்கள். அவர்களில் நெட்டை என்று தெருவே பேர் வைத்துவிட்ட ஒரு பெண், தையல் மெஷின் பக்கத்திலேயே குடியிருந்தாள். பள்ளிக்கூடம் திறக்கப் போகிறது, சீருடைத் துணி மலையாகக் குவிந்து கிடக்கிறது, இவளோ "அக்கா, நான் உதவி" என்று மிதிக்க உட்கார்ந்து ஊசி ஊசியாக ஒடித்தாள். "நீ உதவி பண்ணாம இருந்தாலே பெரிய உதவிம்மா" என்று தையல்காரி சொன்னதை யாரோ மொழிபெயர்க்க, அது என்னவாகப் போய்ச் சேர்ந்ததோ, நெட்டை அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள்.

வேலையை மேற்பார்த்த கொத்தனார் தையல்காரியின் தம்பிதான். "ஒரு சுவர் எழும்பறதுக்குள்ள நாலு தடவை கட்டிப்பிடிக்கிறாங்கக்கா. கலவை இறுகிப்போவுது" என்று அவன் தலையில் அடித்துக்கொண்டான். வாசல் சுவரை நெட்டைதான் கட்டினாள். கோணலாக வந்தது, பிரித்தாள். மறுபடி கோணலாக வந்தது, மறுபடி பிரித்தாள். கை கொப்பளித்துத் துணி சுற்றிக்கொண்டும் விடவில்லை. ஒவ்வொரு செங்கலையும் வைக்கும்போது தன் மொழியில் அதோடு ஏதோ பேசினாள். சீக்கிரம் முடித்தால் போதும் என்றிருந்த தையல்காரிக்கு அந்த முணுமுணுப்பே எரிச்சலாக இருந்தது. கடைசி நாளில் நெட்டை நிலைப்படியில் சாய்ந்து விசும்பி விசும்பி அழுதாள். பஸ் காத்திருந்தது, டிரைவர் ஹாரன் அடித்தார், அழுகை நிற்கவில்லை. தையல்காரி அவள் முதுகைத் தட்டிக்கொடுத்து, "சரி, போயிட்டு வாம்மா" என்று சொல்லி அனுப்பிவைத்தாள். சிமென்ட் அப்போதுதான் காய்ந்துகொண்டிருந்தது.

வீடு திரும்பியதில் தண்ணீர்க் குழாய் முறுக்கி உடைந்தது, கரண்டு ஒயர் அறுந்தது. துணி கொடுக்க வந்தவர்கள் வெறும் சுவரைப் பார்த்துவிட்டு, தையல்காரி ஊரைவிட்டே போய்விட்டாள் என்று வேறு கடைக்குப் போனார்கள். பின்வீட்டுக்காரர் நின்று குளிக்க முடியாமல் உட்கார்ந்து குளித்து, இடுப்பு பிடித்துக்கொண்டு, அதற்கும் இவளோடு சண்டைக்கு வந்தார். தொண்டு நிறுவனத்தின் உள்ளூர் அலுவலகத்திலிருந்து ஓர் என்ஜினியர் வந்து, நாடாவைப் பிடித்து மூலைக்கு மூலை அளந்து, கட்டுமானத்தில் குறை ஏதும் இல்லை, திரும்பியது வீட்டின் சொந்த விஷயம் என்று சொல்லிவிட்டு டீ குடித்துப் போனார். தம்பி வந்து தெருப் பக்கச் சுவரை உடைத்துப் புதிதாக ஒரு வாசல் வைத்தான். வீட்டுக்குக் கோபம் வந்துவிட்டது போலிருக்கிறது. மறுநாள் ஒரு சாண் நகர்ந்து புது வாசலை மின்கம்பத்துக்கு நேராகக் கொண்டுபோய் நிறுத்தியது. அன்றுமுதல் ஒல்லியானவர்கள் தெரு வழியாகவும் மற்றவர்கள் பின்வீட்டுச் சந்து வழியாகவும் வந்து அளவு கொடுத்தார்கள்.

பழைய வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த கணவர்தான் விஷயத்தைக் கண்டுபிடித்தார். "இது விமான நிலையம் இருக்கிற பக்கம். எத்தனை வருஷம் அந்த ரூட்ல ஓட்டியிருக்கேன், எனக்குத் தெரியாதா? நீதானே அந்தப் பொண்ணைப் போயிட்டு வான்னு சொன்னே. அதான் இந்த வீடு அவ வருவாளான்னு பாத்துக்கிட்டிருக்கு" என்றார்.

"அது ஒரு பேச்சுக்குச் சொல்றதுங்க! போறவங்ககிட்ட வேற என்னத்தைச் சொல்லுவாங்க?"

"நமக்குத் தெரியும். அது புது வீடு, அதுக்கு என்ன தெரியும்?"

மொழிபெயர்க்க ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தையல்காரி நெட்டைக்குப் போன் போட்டாள். நடந்ததைச் சொல்லி, ஒரு தடவை வந்து தலையைக் காட்டிவிட்டுப் போ என்று கெஞ்சினாள். நெட்டைக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. வீடு என்னைத் தேடுகிறதா என்று கேட்டு அங்கேயும் அழுதாள். பிறகு அந்தச் செய்தியை உலகத்துக்கே தெரியப்படுத்தினாள். விளைவாக, நெட்டை வரவில்லை; நெட்டையைத் தவிர மற்ற எல்லோரும் வந்தார்கள். தொப்பி போட்டவர்கள் கூட்டம் கூட்டமாக வந்து வீட்டைத் தொட்டுப் பார்த்துக் கண்ணை மூடி நின்றார்கள், அவள் சட்டைக்குப் பட்டன் வைப்பதையும் பார்த்தார்கள்.

ஒரு மழைக்காலம் முழுக்கப் பொறுத்துக்கொண்டவள், மூன்று சீருடைகளுக்குக் கையை மாற்றித் தைத்துவிட்ட ஒரு மத்தியானம், கத்தரிக்கோலை விட்டெறிந்து எழுந்தாள். வெளியே போய் வாசல் சுவருக்கு முன்னால் நின்று, இடுப்பில் கை வைத்துக்கொண்டு, வீட்டைப் பார்த்துக் கத்தினாள். "உனக்கு மட்டும்தான் ஆள் போயிருக்கா? எம்பொண்ணு கப்பலேறிப் போயி எத்தனை வருஷமாச்சு! அடுத்தவங்க வீட்டைத் துடைச்சுத் துடைச்சு அவ கை தேஞ்சுபோச்சு. வர்றேன் வர்றேன்னு சொல்றா, வரல. நான் என்ன தெருவுக்கு முதுகைக் காட்டிக்கிட்டா நிக்கிறேன்? சோறு ஆக்கல? துணி தைக்கல?" சந்தில் இருந்தவர்கள் எல்லாம் கேட்டார்கள். பின்வீட்டுக்காரர் முதல்முறையாகச் சன்னலைச் சாத்தாமல் நின்றார். கணவர் நாற்காலியில் முகத்தைத் திருப்பிக்கொண்டு கண்ணைத் துடைத்தார்.

மகள் அடுத்த வருடம் வந்தாள். தகரக் கொட்டகைக்கு வந்து எங்கே படுப்பது என்று இத்தனை நாள் தள்ளிப்போட்டவள், சுவரும் கூரையும் இருக்கிறது என்றதும் லீவு வாங்கிக்கொண்டு கப்பலில் வந்து இறங்கினாள். வந்த அன்றைக்கே முகம் சுருங்கிவிட்டது. தெருவில் பெட்டியோடு நின்று, மின்கம்பத்துக்கும் சுவருக்கும் நடுவே நுழைய முடியாமல், சந்து வழியாகச் சுற்றிக்கொண்டு தன் வீட்டுக்குள் போனாள். தெருவில் யாரைப் பார்த்தாலும் நெட்டையைப் பற்றியே பேசினார்கள். மூன்றாம் நாள் பெட்டியைத் திரும்ப அடுக்கத் தொடங்கினாள். "யாரோ வந்து நாலு செங்கல் வச்சிட்டுப் போனா. அவளுக்காக வீடே ஏங்கி நிக்குது. பெத்த பொண்ணு நான் வந்து நிக்கிறேன், ஒரு ஓடு அசையல. எதுக்கு நான் இங்க இருக்கணும்?" என்றாள். கணவர் மகள் கையைப் பிடித்தார், மகள் உதறினாள்.

தையல்காரி போய்த் தம்பியிடமிருந்து ஒரு வண்டி செங்கல்லும் மணலும் சிமென்ட்டும் வாங்கிவந்து கொட்டச் செய்தாள். கலவை பூசும் கரணையை மகள் கையில் திணித்தாள். "கட்டு" என்றாள்.

"என்னத்தைக் கட்டறது?"

"எதையாவது கட்டு. துவைக்கிற இடத்துக்கு ஒரு மறைப்பு இல்ல, அதைக் கட்டு. உன்கிட்டயும் இந்த வீட்டுக்கிட்டயும் என்னால மல்லுக்கட்ட முடியல."

மகள் கட்டினாள். அவள் செங்கல்லோடு கொஞ்சவில்லை, திட்டிக்கொண்டே கட்டினாள். தான் வேலை செய்யும் வீட்டு எஜமானியை ஒரு வரிசைக்குத் திட்டினாள், நெட்டையை ஒரு வரிசைக்கு, போகும்போது தடுக்காத அப்பாவை ஒரு வரிசைக்கு, போ என்று அனுப்பிய அம்மாவை இரண்டு வரிசைக்கு. தையல்காரி கலவை அள்ளிக் கொடுத்துக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டாள். ஒருமுறை மட்டும், "மெதுவா வை, கை நசுங்கும்" என்றாள். மேல் வரிசைக்கு வரும்போது திட்டுவதற்கு ஆள் இல்லாமல் போய், மகள் சும்மா கட்டினாள். மறைப்பு மிகவும் கோணலாக வந்தது. தம்பி பார்த்துவிட்டு வாயைத் திறக்கப் போனான், அக்கா முறைத்ததும் மூடிக்கொண்டான். மகள் பெட்டியைப் பிரித்துத் துணிகளைக் கொடியில் போட்டாள், லீவு முடியும்வரை இருந்தாள்.

கிளம்பும் நாளில் தையல்காரி வாயைத் திறப்பதில்லை என்று முடிவு செய்திருந்தாள். ஏதாவது சொல்லிவைத்து வீடு மேலும் முறுக்கிக்கொண்டால் கூரை தாங்காது. டாக்சியில் பெட்டியை ஏற்றிவிட்டு மகள், "போயிட்டு வர்றேம்மா" என்று சொல்லி நின்றாள். நின்றுகொண்டே இருந்தாள். தையல்காரி வீட்டைப் பார்த்தாள், மகளைப் பார்த்தாள். பிறகு, போனால் போகிறது என்று, வீட்டுக்கும் நன்றாகக் கேட்கும்படி, "போயிட்டு வாம்மா" என்றாள்.

மறுநாள் வீடு சாய்வாக நின்றது. வாசலின் ஒரு தோள் விமான நிலையத்தைப் பார்க்கிறது, மறு தோள் துறைமுகத்தைப் பார்க்கிறது என்று கணவர் கணக்குச் சொன்னார். இரண்டுக்கும் நடுவில் நின்றதால் பின்வீட்டுக்காரருக்குக் குளியலறை திரும்பக் கிடைத்தது, மின்கம்பம் விலகியது, முன்பக்கம் முக்கோணமாக ஓர் இடமும் மிஞ்சியது. அங்கே மெஷினைப் போட்டாள். குழாய்க்காரர் எதற்கும் இருக்கட்டும் என்று ரப்பர் குழாயாகவே பொருத்திக் கொடுத்தார். அடுத்த முறை வந்த தன்னார்வலர்களிடம், பெயிண்ட் வேண்டுமானால் அடியுங்கள், செங்கல்லைத் தொட்டால் தெரியும் சேதி என்று சொல்லிவிட்டாள். அவர்கள் நீலம் அடித்தார்கள், அவளைப் பலமுறை கட்டிப்பிடித்தார்கள்.

அதன்பின் வருடங்கள் வழக்கம்போல் போயின. நெட்டைக்குக் கல்யாணமாகிக் குழந்தை பிறந்தபோது வீடு அந்தப் பக்கம் கொஞ்சம் நகர்ந்தது, பிறகு சரியாகிவிட்டது. தெருவில் யாரும் அதையெல்லாம் நின்று பார்ப்பதில்லை. சென்ற மாதம் ஒரு காலையில் தையல்காரி கதவைத் திறந்தபோது வீடு முழுசாகத் துறைமுகத்தைப் பார்த்து நின்றிருந்தது. மகளிடமிருந்து போன் எதுவும் வந்திருக்கவில்லை. கணவர் சவரம் செய்துகொள்ளக் கண்ணாடி கேட்டார். தையல்காரி அலுத்துக்கொண்டே மெஷினை வாசல் திரும்பிய பக்கத்துக்கு இழுத்துப் போட்டாள். பிறகு உள்ளே போய், உலையில் இன்னொரு ஆளுக்கும் சேர்த்து அரிசி போட்டாள்.