அடைப்புக்குறிக்குள் ஒரு பொறுப்பு

அந்தக் குளிர்பானக் கம்பெனியில் அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும்தான் இருந்தது. மற்றபடி எல்லோருக்கும் அவர் 'பொறுப்பு'. லேபிள் ஒட்டும் பிரிவில் மேற்பார்வையாளராகச் சேர்ந்த மனிதர். கிடங்கு அதிகாரி வேலையை விட்டுப் போனதும், வேறு ஆள் கிடைக்கும்வரை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்று அந்த வேலையை இவர் தலையில் கட்டினார்கள். பிறகு பாதுகாப்பு அதிகாரி போனார். சமூக நல அதிகாரி போனார். கடைசியில் சுற்றுச்சூழல் அதிகாரியும் கிளம்பிவிட்டார். எந்த நாற்காலிக்கும் ஆள் மட்டும் கிடைக்கவே இல்லை. இவர் அறைக் கதவில் தொங்கிய பலகையில் பதவிகள் ஒன்றன்கீழ் ஒன்றாக நீண்டுகொண்டே போயின. ஒவ்வொன்றின் வாலிலும் அடைப்புக்குறிக்குள் 'பொறுப்பு' என்று ஒரு சொல்.

அடைப்புக்குறியை லேசாக நினைத்துவிடக் கூடாது. அதிகாரி என்றால் மரியாதை உண்டு, சொன்னால் நாலு பேர் கேட்பார்கள். அதிகாரி (பொறுப்பு) என்றால் கையெழுத்து மட்டும்தான் உண்டு. நல்லது நடந்தால் அது மேலாளரின் திறமை. கெட்டது நடந்தால் பொறுப்பு ஒழுங்காகப் பார்க்கவில்லை. ஏதாவது ஒரு பதவியிலாவது அந்தப் பாழாய்ப்போன அடைப்புக்குறி உதிர்ந்துவிட வேண்டும் என்பதுதான் மனிதருக்கு இருந்த ஒரே ஆசை.

அதற்கும் ஒரு வேளை வந்தது. இவர்கள் பாட்டில்களை வாங்கி விற்கும் பெரிய அங்காடி நிறுவனம், சமூகத்தின் மீதும் சுற்றுச்சூழல் மீதும் பொறுப்புள்ள கம்பெனிகளின் சரக்கைத்தான் இனித் தொடுவோம் என்று சொல்லிவிட்டது. பொறுப்பை அளந்து மதிப்பெண் போட ஓர் அம்மாளை அனுப்புவதாகவும் தகவல் வந்தது. மேலாளர் இவரைக் கூப்பிட்டார். மதிப்பெண் நல்லபடியாக வந்தால், சுற்றுச்சூழல் அதிகாரி பதவி உமக்கே நிரந்தரம், அடைப்புக்குறி கிடையாது என்று வாக்குக் கொடுத்தார்.

அந்த அம்மாள் வருவதற்கு முன்னால் அவருடைய கேள்வித்தாள் வந்தது. ஊழியர் பிரிவில் இருந்தவர்கள் தங்களுக்குத் தெரிந்ததை ஒளிவுமறைவில்லாமல் எழுதி அனுப்பினார்கள். 'உங்கள் நிறுவனத்தின் சமூகப் பொறுப்பு எந்த நிலையில் உள்ளது?' என்பதற்கு, 'நல்ல நிலையில் உள்ளார், முழங்கால் வலி மட்டும் உண்டு' என்று பதில். 'சுற்றுச்சூழல் பொறுப்பு வளர்ந்து வருகிறதா?' 'உயரம் அதேதான், வயிறு கொஞ்சம் வளர்ந்திருக்கிறது.' 'இவ்விரண்டு பொறுப்புகளையும் எப்படி இணைக்கிறீர்கள்?' 'இருவரும் ஒருவரே.'

மதிப்பெண் போட வந்த அம்மாள் குள்ளமாக, முகத்தில் சிரிப்பின் சாயலே இல்லாமல் இருந்தார். வாசலில் கைகுவித்து நின்றவரைத் தலையிலிருந்து கால்வரை ஒருமுறை அளந்தார்.

"நீங்கதானா அது? முழங்கால் எப்படி இருக்கு?"

பொறுப்பு திருதிருவென முழித்தார். தன் முழங்காலுக்கு எத்தனை மதிப்பெண் என்று தெரியாமல், பரவாயில்லை மேடம் என்று சொல்லி வைத்தார்.

உண்மையில் அவர் பயந்தது முழங்காலுக்கு அல்ல, கழிவுநீர்த் தொட்டிக்கு. சர்க்கரைப் பாகு காய்ச்சும் அண்டாக்களைக் கழுவிய தண்ணீர் அந்தத் தொட்டிக்கு வந்து, அங்கே ஒரு மோட்டார் காற்றை ஊதிக்கொண்டே இருக்க, அழுக்கு நீங்கி வெளியே போக வேண்டும். மோட்டார் எரிந்துபோய் ரொம்ப நாளாகிவிட்டது. மேலாளரிடம் ஒருமுறை சொன்னார். பார்க்கலாம் என்றார் மேலாளர். மறுமுறை சொன்னால் தனக்கு வர வேண்டியது வராமல் போய்விடுமோ என்று வாயை மூடிக்கொண்டு, மாதாமாதம் 'மோட்டார் ஓடுகிறது' என்று கையெழுத்துப் போட்டுவந்தார். இந்தச் சோதனைக்காகத் தொட்டிக்குப் பளபளவென்று பச்சைப் பெயின்ட் அடித்து, சத்தத்துக்காக மோட்டார் பெட்டிக்குள் ஒரு பழைய மின்விசிறியைச் சுழல விட்டிருந்தார். வெட்கக்கேடுதான். ஆனால் சத்தம் என்னவோ அசல் மோட்டார் மாதிரியே இருந்தது. அந்த அம்மாளும் நின்று கேட்டுவிட்டு, எதையோ குறித்துக்கொண்டு நகர்ந்தார். பொறுப்புக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

அப்போதுதான் அக்கம்பக்கத்து வீடுகளிலும் விசாரிக்க வேண்டும் என்றார் அவர்.

கம்பெனி மதிலுக்குப் பின்னால் முதல் வீடு பொறுப்பின் சொந்த அக்கா வீடு. தினமும் மதியச் சாப்பாடு அங்கேதான். அக்கா வீட்டுக் கிணற்றுத் தண்ணீர் கொஞ்ச காலமாக இனித்தது. துவைத்துக் காயப்போட்ட துணியில் எறும்பு வரிசை கட்டியது. குளித்துவிட்டு வந்தால் ஈ விடாமல் மொய்த்தது. இதற்குக் காரணமான படுபாவி எவனோ அவன் விளங்கவே மாட்டான், அவன் வாயில் எறும்பு புற்று வைக்க என்று தம்பிக்குப் பரிமாறிக்கொண்டே அக்கா தினமும் சபிப்பார். தம்பியும் தலையை ஆட்டிக்கொண்டே, மேலே சொல்லியிருக்கிறேன் அக்கா என்பார். அந்த 'மேலே' என்பது இவரேதான் என்பது அக்காவுக்குத் தெரியாது.

கடைசி வீட்டிலிருந்து ஆரம்பிக்கலாமே என்று பொறுப்பு சொல்லிப் பார்த்தார். அந்த அம்மாள் காதிலேயே வாங்கவில்லை. கொடியில் கிடந்த துணியில் எறும்பு ஊர்வதைப் பார்த்துவிட்டு நேரே உள்ளே போய்விட்டார்.

கேட்க ஒரு ஆள் கிடைத்ததும் அக்கா கொட்டித் தீர்த்துவிட்டார். கிணற்றுத் தண்ணீரை மொண்டு வந்து, நீங்களே குடித்துப் பாருங்கள், காசு கேட்க மாட்டேன் என்றார். அந்த அம்மாள் ஒரு சொட்டு நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டுப் பொறுப்பின் பக்கம் திரும்பினார்.

"மோட்டார் ஓடுதுன்னு மாசாமாசம் எழுதியிருக்கீங்க சார். அப்ப இது எங்கேர்ந்து வருது?"

அதற்கும் பதில் தயாராகத்தான் இருந்தது. ஊர்ப் பழைய சாக்கடைக் குழாய் உடைந்திருக்கலாம் என்று சொல்லும்படி மேலாளர் காலையிலேயே பாடம் சொல்லி அனுப்பியிருந்தார். அதை ஒப்பித்துவிட்டால் போதும், மதிப்பெண் வந்துவிடும், அடைப்புக்குறி ஒழிந்துவிடும். வார்த்தை நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அதற்குள் அக்கா குறுக்கே புகுந்தார்.

"அவனை ஏம்மா கேக்கறீங்க? அவன் வாயில்லாப் பூச்சி. மேல சொல்லிச் சொல்லி அலுத்துப்போயிட்டான். இதுக்கெல்லாம் அவனா பொறுப்பு?"

திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பார். இத்தனை நாள் அப்படித்தானே தாங்கினார். தனக்காகப் பரிந்துகொண்டு வந்ததைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. அழுகை வந்துவிடும்போல் இருந்தது.

"நான்தான்க்கா பொறுப்பு."

"அது உன்னைக் கூப்பிடற பேருடா."

"பேரு இல்லக்கா. நெஜமாவே நான்தான். மோட்டார் ஓடல. ஓடுதுன்னு நான்தான் எழுதினேன்."

அந்த அம்மாள் பேனாவை மூடிவிட்டு, வெளியே நிற்பதாகச் சொல்லிப் போய்விட்டார். அக்கா சொம்புத் தண்ணீரை முற்றத்தில் ஊற்றினார்.

மதிப்பெண் மண்ணைக் கவ்வியது. அங்காடிக்காரர்கள் கொஞ்சம் அவகாசம் கொடுத்தார்கள். தொட்டியைச் சரிசெய்து மறுபடி அளக்க விட வேண்டும், அதுவரை கையெழுத்துப் போடுபவர் நிரந்தர அதிகாரியாக இருக்க வேண்டும், அடைப்புக்குறி ஆசாமி செல்லாது என்று அந்த அம்மாள் எழுதிவிட்டார். மேலாளர் குதித்த குதியில் கூரை அதிர்ந்தது. ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக் கேட்டுப் பார்த்தார். சுற்றுச்சூழல் நாற்காலியா என்று எல்லோரும் நழுவினார்கள். கடைசியில் பல்லைக் கடித்துக்கொண்டு, புது மோட்டாருக்கு ஆர்டரும் கொடுத்து, பழைய ஆளையே நிரந்தரமாக்கினார். பெயின்டர் வந்து பலகையில் ஒரே ஒரு வரியில் மட்டும் அடைப்புக்குறியை அழித்துவிட்டுப் போனார். இத்தனை வருஷம் ஆசைப்பட்டது கிடைத்துவிட்டது. அதைப் பார்க்க அவருக்குக் கூச்சமாக இருந்தது.

மோட்டார் இன்னும் வந்து சேரவில்லை. மதியம் தயங்கித் தயங்கி அக்கா வீட்டுக்குப் போனார். துரத்தினால் திரும்பிவிடுவது என்ற எண்ணத்தில் செருப்பை வாசலிலேயே திருப்பிப் போட்டுவிட்டுத்தான் உள்ளே நுழைந்தார். அக்கா துரத்தவில்லை. தட்டை வைத்தார், பரிமாறினார், எதிரே உட்கார்ந்தார். கொடியில் எறும்பு ஊர்ந்துகொண்டுதான் இருந்தது. அக்கா வாயிலிருந்து வழக்கமான சாபம் மட்டும் வரவில்லை.

"என்னக்கா, இன்னிக்கு ஒண்ணும் திட்டலையா?"

அக்கா தம்பி முகத்தைப் பார்க்காமல், தட்டு ஓரத்தில் ஏறிய எறும்பை விரலால் தட்டிவிட்டார்.

"யாரோ எவனோன்னு நெனச்சு வாய்க்கு வந்தபடி சபிச்சேன். இப்ப நீன்னு தெரிஞ்சுபோச்சு. இனிமே எப்படிடா திட்டுவேன்?"