‘ஒன்லி’ நின்ற இடம்

ஸ்கேன் எடுக்க வருபவர்களுக்கு மருத்துவமனை அனுப்பும் ஆங்கிலக் கடிதங்களில் பிழை பார்ப்பது அவள் வேலை. கண்டுபிடிப்பதோடு சரி. திருத்துவதா வேண்டாமா என்பது மேலாளர் முடிவு. அவர் பேசிய பிறகு யாரும் பேச முடியாது என்பதால் அலுவலகத்தில் அவருக்கு முற்றுப்புள்ளி என்று பெயர்.

முந்தின இரவு எட்டு மணிக்கு மேல் தண்ணீர் மட்டும் குடிக்கலாம் என்று சொல்ல வேண்டிய கடிதம். ‘டிரிங்க் வாட்டர் ஒன்லி ஆஃப்டர் எய்ட்’ என்று மேலாளர் எழுதியிருந்தார். எட்டு மணிக்கு மேல்தான் தண்ணீரே குடிக்கலாம் என்றாகிவிட்டது. போன வாரமே சிவப்பு மையால் வட்டம் போட்டு எடுத்துப் போனாள்.

“சார், ‘ஒன்லி’யைத் தூக்கி ‘வாட்டரு’க்கு முன்னாடி வச்சாப் போதும்.”

“ஒரு வார்த்தை அங்க இருந்தா என்ன, இங்க இருந்தா என்ன? படிக்கிறவங்களுக்குப் புரியும்மா.”

கடிதம் அப்படியே போனது.

இன்று காலை ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர் ஒருவர் வரவேற்பறை நாற்காலியிலிருந்து சரிந்து விழுந்தார். உதடெல்லாம் வெடித்திருந்தது. கூட வந்த மகள் கடிதத்தை மேசையில் அடித்தாள்.

“நேத்து பூரா ஒரு வாய் தண்ணி குடிக்கல. எட்டு மணிக்கு மேலதான்னு போட்டிருக்கீங்க. எங்கப்பா ஏழரைக்கே தூங்கிட்டாரு!”

“ஒழுங்காப் படிச்சிருக்கணும்மா” என்றார் மேலாளர்.

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “அவங்க ஒழுங்காத்தான் சார் படிச்சிருக்காங்க. நாமதான் ஒழுங்கா எழுதல.”

பெரியவருக்கு டிரிப் ஏற்றச் சொல்லிவிட்டு மருத்துவர் கடிதத்தை இரண்டு முறை படித்தார். “நாளைக்கு எத்தனை பேர் வர்றாங்க?”

“பதினெட்டு” என்றாள் அவள்.

“எல்லாருக்கும் இப்பவே போன் போடுங்க.”

போன் போடும் வேலை அவள் தலையில் விழுந்தது. மேலாளர் தன் அறைக்குப் போய் ‘ஒன்லி’யை இடம் மாற்றி, திருத்தியது தான்தான் என்று கையெழுத்தும் போட்டார். அவள் பதினெட்டுப் பேரின் பட்டியலோடு போன் முன் உட்கார்ந்தாள்.

நாலு பேர் போனை எடுக்கவில்லை. ஒருவர், “நாங்க எதுவும் வாங்கறதா இல்லைங்க” என்று வைத்துவிட்டார். அவருக்கு மூன்று முறை போட வேண்டியிருந்தது.

ஒன்பதாவதாக எடுத்த பெண்மணியின் குரல் வறண்டு கிடந்தது.

“அப்போ இப்பத் தண்ணி குடிக்கலாமா?”

“குடிங்கம்மா. இப்பவே குடிங்க. நான் லைன்லயே இருக்கேன்.”

டம்ளரைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது. அவள் அந்தப் பெயரை அடித்துவிட்டு அடுத்த எண்ணை அழுத்தினாள்.