லெமிங்டனில் இறங்கியவள்

தொண்ணூற்றாறாம் ஆண்டு ஆவணி மாதத்தில் இராஜரட்ணம் ஒரு மோட்டர் ஹோமை வாடகைக்கு எடுத்து வந்து ஸ்காபரோவில் மல்வேர்ன் பகுதியிலிருந்த தங்கள் வீட்டுக்கு முன்னால் நிறுத்தினார். லொறி அளவு நீளம். உள்ளே கட்டில், அடுப்பு, பிரிட்ஜ், கழிப்பறை எல்லாம் இருந்தன. பக்கத்து வீட்டுக்காரர் ஏறிப் பார்த்துவிட்டு, வீட்டுக்குச் சில்லுப் பூட்டி வைத்திருக்கிறார்கள் என்று வியந்தார். அருள்மலர் மட்டும் வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

கனடாவுக்கு வந்து பத்து வருடங்களில் இந்த மனிதர் அவளை எங்கேயும் கூட்டிப் போனதில்லை. கோயில், கலியாண வீடு, செத்த வீடு, அஜக்ஸில் இருக்கும் தம்பி வீடு, அவ்வளவுதான். இப்போது திடீரென்று நயாகராவில் தொடங்கித் திராட்சைத் தோட்டங்களைப் பார்த்து, பிறகு ஈரி ஏரிக்கரையோரமாகவே மேற்கே போகலாம் என்றார். வெள்ளைக்காரர் ஐம்பது வயது தாண்டினால் இப்படித்தான் போகிறார்களாம். அவள் முதியோர் இல்லமொன்றின் சமையலறையில் வேலை செய்தாள். ஒரு கிழமை லீவும் அவரே அவளைக் கேட்டு எடுக்கச் சொல்லியிருந்தார்.

போகத்தான் வேண்டுமா என்று அவள் கேட்கவில்லை. மூன்று வருடங்களாக அவள் அவரை எதையும் கேட்பதில்லை. சோறு போட்டாள், உடுப்புத் தோய்த்தாள், கேட்டதற்குப் பதில் சொன்னாள். உள்ளே கோபம் மட்டும் அணையாமல் கிடந்தது.

ஒரே மகள் நிலாணி. அவள் தன்னோடு படித்த அலெக்ஸாண்டரை ரொறொன்ரோ நகர மண்டபத்தில் போய்க் கலியாணம் எழுதிவிட்டு வந்து நின்றபோது, இராஜரட்ணம் கதவைத் திறக்கவில்லை. அவன் வேதக்காரன், சேர்ச்சுக்குப் போகிறவன், அவனுடைய ஆட்கள் யாரென்று யாருக்குத் தெரியும் என்று தம்பி குடும்பமும் சேர்ந்து கத்தியது. எல்லோருக்கும் முன்னால் இராஜரட்ணம் சொன்னார்:

“இனி இந்த வீட்டில அவளின்ர பேர் கேக்கக்கூடாது. ஆரும் அவளோட கதைச்சால் நான் உயிரோட இருக்கமாட்டன்.”

அதற்கு முதல் வருடம்தான் அவருக்கு நெஞ்சு வருத்தம் வந்து ஆஸ்பத்திரியில் கிடந்து எழும்பியிருந்தார். அருள்மலர் பயந்துபோனாள். அடுத்த தை மாதம் நிலாணி ரெலிபோன் எடுத்தாள். “அம்மா” என்ற ஒரு சொல் கேட்டது. இராஜரட்ணம் எதிரே இருந்து பார்த்துக்கொண்டிருந்தார். அருள்மலர் ரெலிபோனை வைத்தாள். அதற்குப் பிறகு மகள் எங்கே இருக்கிறாள் என்பதே அவளுக்குத் தெரியாது.

பயணம் தொடங்கிய அன்றே சண்டை தொடங்கியது. இராஜரட்ணம் ஒரு வளைவை ஒடித்துத் திருப்பியதில் பின்சில்லு நடைபாதையில் ஏறி இறங்கியது. அலுமாரி திறந்து கோப்பைகள் எல்லாம் நிலத்தில் விழுந்தன. அவள் ஒவ்வொன்றாகப் பொறுக்கினாள். அவர் வாய்க்குள் ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டு ஓட்டினார். நயாகராவில் ஒரு தோட்டத்தில் வைன் ருசி பார்க்கக் கொடுத்தார்கள். அவர் ஒரு மிடறு குடித்து முகத்தைச் சுளித்துவிட்டு, நல்ல சாமான் என்று அந்தப் பெண்ணிடம் சொன்னார். அருள்மலர் வெளியே நின்று கொடிகளைப் பார்த்தாள். பந்தலில் படரவிடாமல் கம்பியில் வரிசையாகக் கட்டியிருந்தார்கள். பார்க்க அழகாகத்தான் இருந்தது. அந்த அழகும் அவளுக்கு எரிச்சலாக இருந்தது. இந்த வாகனத்து அடுப்பிலும் தான்தான் சோறு வடித்து மீன் குழம்பு வைப்பதென்றால் வீட்டிலேயே வைத்திருக்கலாமே என்று நினைத்தாள்.

மறுநாள் போர்ட் டோவரில் ஏரியைப் பார்த்தாள். மறுகரை தெரியவில்லை. கடல்போல அலை அடித்தது. அவளுக்குத் தன்னை மீறி வாயில் வந்துவிட்டது.

“நிலாணிக்கு இது நல்லாப் பிடிச்சிருக்கும்.”

சொன்ன பிறகுதான் திடுக்கிட்டாள். மூன்று வருடங்களில் அவருக்கு முன்னால் அந்தப் பெயரை அவள் சொன்னதில்லை. ஆனால் அவர் கத்தவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டு, இங்கே பொரித்த மீன் நல்லதாம், வாங்குவோம் என்றார். அது அவளுக்கு விளங்கவில்லை. அவர் ஏசியிருந்தால் அன்று நன்றாக நித்திரை வந்திருக்கும்.

அதற்கடுத்த நாள் மத்தியானம் லெமிங்டன் பக்கம் வந்தார்கள். ஒருபுறம் ஏரி, மறுபுறம் தக்காளி வளர்க்கும் கண்ணாடி வீடுகளும் திராட்சைத் தோட்டங்களும். தெருவோரத்தில் ஒரு வெள்ளைக்காரப் பெண் பீச் பழம் விற்றுக்கொண்டிருந்தாள். இராஜரட்ணம் தாண்டிப் போகத்தான் பார்த்தார். அருள்மலர்தான் பழம் வாங்க வேண்டும் என்று நிறுத்தச் சொன்னாள்.

இறங்கியதும் அந்தப் பெண் இராஜரட்ணத்தைப் பார்த்துச் சிரித்தாள். இந்த மாதம் முந்தி வந்துவிட்டீர்களே, சின்னவள் இப்போது ஓடித் திரிகிறாளா என்று கேட்டாள். அருள்மலருக்கு அவ்வளவு ஆங்கிலம் விளங்கும். அவள் புருஷனைப் பார்த்தாள்.

“ஆளை மாத்திக் கதைக்கிறாள்” என்றார் அவர்.

அந்தப் பெண் ஒரு கூடையை நிரப்பினாள். மேலே இரண்டு பழத்தைக் கூடுதலாக வைத்து, இது உங்கள் பேத்தி அட்சயாவுக்கு என்றாள். பெயரை அவள் கோணலாகத்தான் உச்சரித்தாள். ஆனாலும் அது தமிழ்ப் பெயர்.

அருள்மலர் கூடையை வாங்கிக்கொண்டு வாகனத்தில் ஏறினாள். அவர் ஏறி எஞ்சினை இயக்கியதும், கையை நீட்டித் திறப்பைத் திருகிப் பிடுங்கினாள்.

“ஆற்ற பேத்தி?”

அவர் கண்ணாடிக்கு வெளியே பார்வையைத் திருப்பினார். பிறகு சொன்னார். அவர் பொதி கட்டும் இயந்திரங்களைத் திருத்தும் மெக்கானிக். கம்பனி மாதம் ஒருமுறை அவரைப் பக்கத்து நகரமான வின்சருக்கு அனுப்பும். இரண்டு வருடங்களுக்கு முன் அங்கே ஒரு கடையில் அலெக்ஸாண்டரைக் கண்டார். அவர் முகத்தைத் திருப்பினாலும் அவன் வந்து மாமா என்று கதைத்தான், வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனான். நிலாணி அப்போது வயிற்றில் பிள்ளையோடு இருந்தாள். அதன்பிறகு ஒவ்வொரு மாதமும் போய் வந்தார். அவர்கள் இந்த ஊரில்தான் இருக்கிறார்கள். அவன் கண்ணாடி வீட்டில் மேற்பார்வை வேலை, அவள் ஒரு வைன் தோட்டத்தில் விற்பனைக்கு நிற்கிறாள்.

“எனக்கு ஏன் சொல்லேல்லை?”

“என்னெண்டு சொல்லுறது? நானெல்லோ வேண்டாம் எண்டு நிண்டனான். தம்பியாக்களுக்கு முன்னால சொன்ன சொல்லு. அதுதான் உம்மை மெல்லமா இஞ்சாலை கூட்டிக்கொண்டு வந்து, தற்செயலாக் கண்ட மாதிரி…”

“நான் குளியலறையில பைப்பைத் திறந்துவிட்டு அழுதது உங்களுக்குக் கேட்டதோ?”

அவர் திறப்புக்காகக் கையை நீட்டினார்.

“கேட்டதோ இல்லையோ?”

“கேட்டது.”

கேட்டிருக்கிறது. கேட்டுக்கொண்டே கட்டிலில் படுத்திருக்கிறார். மடியிலிருந்த பழம் ஒன்றை எடுத்து முன்கண்ணாடியில் எறிந்தாள். பிறகு இன்னொன்று. பிறகு கூடையோடு தூக்கி எறிந்தாள். பழச்சாறு கண்ணாடியில் வழிந்தது. வாடகை வாகனம் என்றபடி அவர் குனிந்து பொறுக்கப் போனார்.

“விடுங்கோ. அதை விட்டிட்டு நிலாணி வீட்டுக்கு ஓட்டுங்கோ” என்று திறப்பை நீட்டினாள்.

ஒரு திராட்சைத் தோட்டத்துக்குப் பின்னால் சிறிய பலகை வீடு. பெரிய வாகனம் வாசலில் வந்து நின்ற சத்தத்துக்கு அலெக்ஸாண்டர் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தான். பின்னால் நிலாணி வந்தாள். மெலிந்திருந்தாள், தலைமயிரைக் கட்டையாக வெட்டியிருந்தாள். அருள்மலர் கையை நீட்டிக்கொண்டு கிட்டப் போனாள். நிலாணி ஒரு அடி பின்னால் வைத்தாள்.

“இப்ப என்னத்துக்கு வந்தனீங்கள்?” என்று கேட்டாள். “என்ர முகத்திலயும் பிள்ளையின்ர முகத்திலயும் முழிக்கமாட்டன் எண்டு சொன்னனீங்களாம். அப்பா எவ்வளவு கேட்டும் வரமாட்டன் எண்டனீங்களாம்.”

அருள்மலருக்கு முதலில் அது காதில் ஏறவில்லை. ஏறியதும் அவள் திரும்பிப் புருஷனைப் பார்த்தாள். அவர் அலெக்ஸாண்டரிடம், நல்ல வெயில், உள்ளே போவம், வாகனத்தைக் காட்டட்டுமா என்று என்னவோ சொல்லிக்கொண்டிருந்தார். அவள் போய் அவருக்கு முன்னால் வழியை மறித்து நின்றாள்.

“அவளுக்குச் சொல்லுங்கோ.”

“நீர் சும்மா இரும். பிள்ளை நிக்குது. ஆறுதலாக் கதைப்பம்.”

“ஆறுதலா மூண்டு வருசம் இருந்தாச்சு. இப்ப சொல்லுங்கோ. எனக்கில்லை, அவளுக்கு.”

இராஜரட்ணம் நிலத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னார். “அம்மாவுக்கு நீங்கள் இஞ்ச இருக்கிறது தெரியாது. பிள்ளை பிறந்ததும் தெரியாது. நான் சொல்லேல்லை.”

“நான் வரமாட்டன் எண்டது?”

“அதும் நான் சொன்னதுதான். நீ ஏன் அம்மா வரேல்லை எண்டு கேட்டுக்கொண்டே இருந்தாய் பிள்ளை. நான் என்னத்தைச் சொல்லுறது? என்னில கோவிச்சுப்போடுவாய் எண்டு…”

நிலாணி கத்தவில்லை. மிகவும் மெல்லிய குரலில்தான் பேசினாள்.

“அட்சயா பிறக்கேக்க அம்மா வேணும் எண்டு கத்தினனான், அப்பா. நீங்கள் கதவுக்கு வெளியில கதிரையில இருந்தனீங்கள். உங்களுக்கு நான் கத்தினது கேட்டது. வெளியில ரெலிபோன் இருந்தது.”

இராஜரட்ணம் படியில் இருந்துவிட்டார். கண்ணிலிருந்து நீர் வழிந்தது. ஒரு கையை நெஞ்சில் வைத்துக்கொண்டார். அலெக்ஸாண்டர் பிள்ளையை மனைவியிடம் கொடுத்துவிட்டுத் தண்ணீர் எடுக்க ஓடினான். அந்தக் கை நெஞ்சுக்குப் போகிறதைப் பார்த்துப் பார்த்துத்தான் அருள்மலர் மூன்று வருடம் வாயை மூடிக்கொண்டு இருந்தாள். இப்போது அவள் அசையவில்லை. முகத்தைப் பார்த்தாள், வியர்வை இல்லை, மூச்சும் சீராக இருந்தது.

தண்ணீரோடு வந்த அலெக்ஸாண்டரிடம் சொன்னாள்: “தம்பி, இவருக்கு நெஞ்சு நோகுதெண்டால் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கோ. நான் வரேல்லை.”

இராஜரட்ணம் மெல்லக் கையை எடுத்தார்.

எல்லோரும் ஒன்றாக இருந்து சாப்பிட்டால் கோபம் ஆறிவிடும் என்று அவர் நினைத்தார்போலும். குழம்பு வாகனத்தில் இருக்கிறது, எடுத்து வரட்டுமா என்று கேட்டார். அருள்மலர் தானே வாகனத்தில் ஏறித் தன் பையை எடுத்துக்கொண்டு இறங்கினாள்.

“நீங்கள் போங்கோ. போய் ஏரியைப் பாருங்கோ, தோட்டத்தைப் பாருங்கோ. நான் இஞ்சதான் நிக்கப்போறன்.”

அவர் மகளைப் பார்த்தார். நிலாணி பிள்ளையோடு உள்ளே போய்விட்டாள். அலெக்ஸாண்டர்தான் பின்னால் நின்று கை காட்டி, அந்தப் பெரிய வாகனத்தைத் தெருவுக்கு எடுக்க உதவினான்.

அருள்மலர் அந்த வீட்டில் நின்றாள் என்றுதான் சொல்லலாம், சேர்ந்துவிட்டாள் என்று சொல்ல முடியாது. அடுத்த நாள் காலை சமையலறையில் நிலாணி தேத்தண்ணியை முன்னால் வைத்துவிட்டுக் கேட்டாள்.

“அப்பா பொய் சொன்னது சரி. ரெலிபோனை வைச்சது நீங்கள்தானே?”

“ஓம். நான்தான்.”

“ஏன்?”

“அந்தாள் செத்துப்போவார் எண்ட பயத்தில. அந்தப் பயத்தில உன்னைச் சாகக் குடுத்த மாதிரி விட்டிட்டன். அவரில இருக்கிற கோவத்தில அரைவாசி எனக்கு என்னிலயே கிடக்கு.”

நிலாணி பையை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போனாள். பிறகு வந்த நாட்களிலும் இரண்டு பேரும் நிறையச் சண்டை பிடித்தார்கள். சில நேரம் பிள்ளைக்குச் சோறு தீத்துவது பற்றி, சில நேரம் பழைய கதைகள் பற்றி. ஆனால் கதவைச் சாத்திக்கொண்டு யாரும் போகவில்லை. அட்சயா மட்டும் எந்தக் கணக்கும் வைக்காமல், அம்மம்மாவின் சீலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு திராட்சை வரிசைகளுக்குள் இழுத்துப் போனாள்.

அஜக்ஸிலிருந்து இராஜரட்ணத்தின் தம்பி ரெலிபோனில் அழைத்தார். வருத்தக்கார மனிதரை அவ்வளவு பெரிய வாகனத்தோடு தனிய அனுப்பிவிட்டாயே, இது ஒரு பெண் செய்கிற வேலையா என்று ஏசினார். அருள்மலர் முழுக்கக் கேட்டாள். பிறகு நடந்ததை முதலிலிருந்து கடைசி வரை சொன்னாள், அவருடைய குடும்பத்தில் அன்று யார் யார் என்ன சொன்னார்கள் என்பதையும் சேர்த்து. அந்தக் கிழமை முடியுமுன் ஸ்காபரோவில் பாதிப் பேருக்குக் கதை தெரிந்துவிட்டது.

லீவை நீட்டி இருந்துவிட்டுப் புரட்டாதியில்தான் பஸ் ஏறி மல்வேர்னுக்குத் திரும்பினாள். இராஜரட்ணம் வீட்டைத் துப்புரவாக வைத்திருந்தார். அவள் நிலாணியின் பழைய அறையில் தன் உடுப்புகளைக் கொண்டுபோய் வைத்தாள். இன்னும் கோபமா என்று அவர் இடைக்கிடை கேட்பார். ஓம் என்பாள்.

ஐப்பசியில் நன்றியறிதல் விடுமுறைக்கு நிலாணி குடும்பத்தோடு வந்தாள். அயலில் இருந்த அருணாசலம் தம்பதியையும் அருள்மலர் சாப்பிட அழைத்திருந்தாள். இராஜரட்ணம் பேத்தியை மடியில் வைத்துக்கொண்டு உற்சாகமாக இருந்தார். சாப்பாட்டின் நடுவில், தாயையும் மகளையும் சேர்த்துவைக்க வேண்டும் என்று தான் எவ்வளவு காலமாகத் திட்டம் போட்டார், அதற்காகவே அந்தப் பெரிய வாகனத்தை எடுத்தார் என்று விருந்தினருக்குச் சொல்லத் தொடங்கினார். அருணாசலத்தார் தலையை ஆட்டி, நல்ல காரியம் செய்திருக்கிறீர்கள் என்றார்.

அருள்மலர் அகப்பையைச் சட்டிக்குள் வைத்தாள்.

“கதையைச் சரியாச் சொல்லுங்கோ” என்றாள்.

நிலாணி தகப்பனையே பார்த்துக்கொண்டிருந்தாள். இராஜரட்ணம் பேத்தியின் தலையைத் தடவினார். சிரிக்கப் பார்த்தார், யாரும் சிரிக்கவில்லை. பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, தான் கதவைத் திறக்காமல் நின்ற நாளிலிருந்து திரும்பவும் சொல்லத் தொடங்கினார். அருள்மலர் இருக்காமல் நின்றபடியே அதைக் கேட்டாள்.